குவாய் பாலத்தில் ஒரு போட்டோ... அப்புறம்?

தாய்லாந்து டூர் என்றாலே நம்மூரில் ஒரு அட்டவணை மனப்பாடம். பாங்காக்கில் இரண்டு நாள், பட்டாயாவில் இரண்டு நாள், நடுவில் ஒரு தீவு, ஒரு சஃபாரி பூங்கா, கூட்டிப் போகிறவருக்குக் கமிஷன் கிடைக்கிற ஒரு நகைக்கடை. இதற்குமேல் ஒரு நாள் மிச்சமிருந்தால் காஞ்சனபுரி. பாங்காக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். காலையில் வேனில் கிளம்பி, மிதக்கும் சந்தை பார்த்து, குவாய் நதிப் பாலத்தில் இறங்கி, அரை மணி நேரம் போட்டோ எடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவிட வேண்டும். "அந்த சினிமாவில் வருமே, அந்தப் பாலம்" என்பதோடு கைடின் விளக்கமும் முடிந்துவிடும்.

இப்படிப் போய்வருகிற தமிழர்கள் ஏராளம். அந்தத் தண்டவாளத்தைப் போடப்போய் ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் தமிழர்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் போவது அவர்கள் குற்றம் மட்டுமல்ல. பாடப்புத்தகத்தில் இல்லை, சினிமாவில் இல்லை, டூர் கம்பெனியின் நோட்டீஸில் இல்லை. போர்க்காலத்து இடங்களைச் சுற்றிப் பார்ப்பது சரியா, பார்த்தால் எப்படிப் பார்ப்பது என்று பேசுவதற்குக் காஞ்சனபுரியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். அதனால் அந்த ஊரையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மாவும் போனது. பர்மாவில் இருந்த படைக்குச் சோறும் குண்டும் போய்ச் சேர வேண்டும். கடல் வழியாக அனுப்பினால் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் கப்பலைக் கவிழ்த்தன. ஆகவே தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை, காடு மலை எல்லாவற்றையும் வெட்டி 415 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை போடுவது என்று முடிவானது. 1942-ன் நடுவில் வேலை ஆரம்பித்தது. 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களும் சேர்ந்துவிட்டன. ஒன்றேகால் வருடம், அவ்வளவுதான்!

பெரிய யந்திரங்கள் கிடையாது. உளி, சுத்தியல், மண்வெட்டி, கூடை, கொஞ்சம் வெடிமருந்து, மற்றபடி மனித உடம்பு. நேச நாடுகளின் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் இதில் இறக்கப்பட்டார்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கொஞ்சம் அமெரிக்கர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகத்துக்குத் தெரிந்த கதை இதுதான்.

தெரியாத பாதி இனிமேல்தான் வருகிறது. கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக, ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பான்மை ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் தமிழர்கள்? காரணம் எளிமையானது. போர் வந்ததும் மலாயாவின் ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பாவும் அமெரிக்காவும் எதிரி நாடுகளாகிவிட்டன. வாங்க ஆள் இல்லாத ரப்பருக்குப் பால் வெட்ட வேண்டிய அவசியமில்லை. தோட்டத்தில் வேலை நின்றது, வெள்ளைக்கார துரைகள் ஓடிவிட்டார்கள், அரிசி வரவில்லை. கூலியை மட்டுமே நம்பி, வேறு தொழில் தெரியாமல், லயத்து வீடுகளில் மொத்தமாகக் குடியிருந்த ஒரு கூட்டம். ஆள் பிடிக்க வந்தவனுக்கு இதைவிட வசதி உண்டா? நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, சாப்பாடு இலவசம் என்று சொன்னார்கள். பசியில் இருந்தவர்கள் நம்பிப் போனார்கள், சிலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு. போனவர்கள் மூன்று மாதத்தில் திரும்பவில்லை என்று தெரிந்ததும் வலுக்கட்டாயம் ஆரம்பித்தது. இலவச சினிமா என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1943-ன் மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளின் முகாமில் அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். எட்வர்டு டன்லப் என்ற ஆஸ்திரேலிய சர்ஜன் மூங்கிலையும் கந்தல் துணியையும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றப் போராடியது இன்றும் பேசப்படுகிறது. கைதிகளுக்கு அதிகாரிகள் உண்டு, கட்டுப்பாடு உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கக்கூஸை முகாமுக்குத் தள்ளித் தோண்டு என்று சொல்ல ஆள் இருந்தது. கூலிகளின் முகாமில் டாக்டரும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள், வரிசையாகச் செத்தார்கள். மொத்தத்தில் ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதைவிடக் கூட்டியும் குறைத்தும் சொல்பவர்கள் உண்டு.

"சுமார்" என்ற சொல்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். காஞ்சனபுரி நகரத்தின் நடுவில் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிப்பது. அங்கே ஏறத்தாழ 7,000 பேர். ஆற்றின் அக்கரையில் சுங்காய் கல்லறைத் தோட்டத்தில் 1,700-க்கும் மேல். பர்மா பக்கம் தன்பியூசயாத்தில் 3,700-க்கும் மேல். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது, கீழே குடும்பத்தார் எழுதிய ஒரு வரி. அமெரிக்கர்கள் தங்கள் ஆட்களின் எலும்பைத் தோண்டி எடுத்து ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது என்ற அக்கறை.

ஆசியத் தொழிலாளர்களின் கணக்கில் என்ன இருக்கிறது? "சுமார்" இருக்கிறது. எழுபதாயிரமா, தொண்ணூறாயிரமா, லட்சமா என்று மதிப்பீடுகள் ஊசலாடுகின்றன. அந்த ஊசலாட்டம் மட்டுமே இறந்த போர்க்கைதிகளின் மொத்த எண்ணிக்கையைவிடப் பெரியது! ஒரு பேரேட்டில் இடது பக்கம் கடைசிக் காசு வரைக்கும் எழுதி, வலது பக்கத்தில் "ஏதோ கொஞ்சம் லட்சம்" என்று எழுதி வைத்தால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். சரித்திரத்தில் மட்டும் அது செல்லுபடியாகிறது.

பணக் கணக்கிலும் இதே கதைதான். போர் முடிந்த பிறகு, தாய்லாந்துக்குள் இருந்த பாதையை பிரிட்டிஷார் தாய்லாந்து அரசுக்கு 12.5 லட்சம் பவுண்டுக்கு விற்றார்கள். அந்தப் பணம் யாருக்குப் போனது? எந்தெந்த நாட்டு ரயில்வேயிலிருந்து ஜப்பானியர் தண்டவாளத்தையும் தளவாடத்தையும் பிடுங்கி வந்தார்களோ, அந்த நாடுகளுக்கு நஷ்டஈடாக. தண்டவாளத்துக்கு விலை போட்டார்கள், பெட்டிக்கு விலை போட்டார்கள். அதைச் சுமந்து போட்டவனின் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை. மலாயாவில் ஜப்பானியர் அச்சடித்துப் புழங்கவிட்ட "வாழைமர நோட்டு" 1945-ல் வெறும் காகிதமாகிவிட்டது. மிச்சம் பிடித்து வைத்திருந்த கூலியும் அதோடு போயிற்று.

ஒரே ரயில், மூன்று மியூசியம்

போர் மியூசியங்களுக்குப் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மியூசியம் என்பது நடந்ததை அப்படியே காட்டுகிற கண்ணாடி இல்லை. யாரோ ஒருவர் பணம் போட்டு, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்ல வைத்த இடம். இந்த ஒரே ரயில் பாதையை மூன்று மியூசியங்கள் எப்படிச் சொல்கின்றன என்று பார்த்தாலே போதும்.

முதலாவது, காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் 1977-ல் துவங்கிய "ஜீத்" போர் மியூசியம். மூங்கில் கொட்டகை, அத்தாப்புக் கூரை, கைதிகள் படுத்த நீளமான மூங்கில் பரண். கைதிகளின் குடிசை எப்படி இருந்ததோ அதே மாதிரி கட்டியது. எளிமையான, நெஞ்சைத் தொடுகிற இடம். ஆனால் பெயரைக் கவனியுங்கள். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா மற்றும் ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. பர்மாவுக்கு அதில் எழுத்து இல்லை. மலாயாவுக்கு இல்லை. ஜாவாவுக்கு இல்லை. இந்தியாவுக்கும் இல்லை. அதிகம் செத்தவர்களுக்குப் பெயர்ப்பலகையிலேயே இடமில்லை! அந்த விகாரையின் துறவிகளுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வந்து அழுதவர்கள், கடிதம் எழுதியவர்கள், படம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அந்தந்த நாட்டுக்காரர்கள். வராதவர்களின் எழுத்து விட்டுப்போனது.

இரண்டாவது, ஹெல்ஃபயர் பாஸ். நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, மலைப்பாறையைக் குடைந்து வெட்டிய கணவாய். ராத்திரியிலும் வேலை நடந்தது. மூங்கில் தீவட்டி வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்கள் பாறை உடைத்த காட்சி நரகத்தைப் போல இருந்ததாம், அதனால் கைதிகளே வைத்த பெயர் இது. ஆஸ்திரேலிய அரசு 1998-ல் இங்கே நினைவு மியூசியம் திறந்தது. பிறகு 2018-ல் அதைப் புதுப்பித்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 25 அன்று விடியற்காலையில் ஆஸ்திரேலியர்கள் இருட்டில் வந்து நின்று அஞ்சலி செலுத்துகிறார்கள். தாத்தாவின் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு பேரன்கள் வருகிறார்கள். இந்த மியூசியம் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் பேசுகிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியரின் முயற்சியில் 2003-ல் திறந்த தாய்லாந்து-பர்மா ரயில்வே மையமும் பேசுகிறது. ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தட்டு, கரண்டி, நாட்குறிப்பு, கைதிகள் திருட்டுத்தனமாக வரைந்த படம் எல்லாம் வெள்ளைக்காரர்களுடையது.

மூன்றாவது மியூசியம் அங்கிருந்து வெகுதூரம், டோக்கியோவில். யாசுகுனி கோயிலை ஒட்டிய யூஷூகான் போர் மியூசியத்தின் முன்கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. சி56 ரகம், 31-ம் எண். 1943-ல் இந்த ரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின். பின்னாளில் ஜப்பானுக்குக் கொண்டுபோய்ப் பளபளப்பாகத் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஜப்பானுக்காகப் போரில் இறந்தவர்களைப் போற்றுகிற இடத்தில் அந்த எஞ்சின் ஒரு சாதனைச் சின்னம். அதே எஞ்சினைக் காஞ்சனபுரிக் கல்லறை வாசலில் நிறுத்தியிருந்தால் அதற்கு வேறு அர்த்தம். பொருள் ஒன்றுதான், நிற்கிற இடமும் நிறுத்தியவரும் மாறும்போது கதையே மாறிவிடுகிறது.

மூன்றில் எது பொய்? எதுவும் முழுப் பொய் இல்லை. எதுவும் முழு உண்மையும் இல்லை. அதனால்தான் போர் மியூசியத்துக்குப் போகும்போது காதையும் கண்ணையும் மட்டுமல்ல, கொஞ்சம் சந்தேகத்தையும் எடுத்துப் போக வேண்டியிருக்கிறது. இதைக் கட்டியது யார், இதில் பேசுவது யார், பேசாமல் விட்டது யாரை என்ற மூன்று கேள்விகள் போதும்.

ஏன் நம் கதை கண்ணாடிப் பெட்டிக்குள் வரவில்லை?

இதற்கு வெள்ளைக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

போர்க்கைதிகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் டைரி எழுதி, மூங்கிலுக்குள் ஒளித்து, மண்ணில் புதைத்து வைத்தார்கள். எவன் எங்கே செத்தான், எங்கே புதைத்தோம் என்று பட்டியல் வைத்தார்கள். போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேட அவர்களின் ராணுவம் ஆள் அனுப்பியது. பிறகு புத்தகம் எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள், அரசாங்கத்தை நச்சரித்தார்கள். தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. செத்தவனைக் குழியில் தள்ளி மூடினார்கள், இல்லாவிட்டால் கொளுத்தினார்கள். உயிரோடு திரும்பியவர்கள் மறுநாளே பால் வெட்டப் போக வேண்டியிருந்தது. நினைவஞ்சலி கூட்டம் நடத்த ஏது நேரம்?

அரசாங்கம் என்று ஒன்று அவர்களுக்காகப் பேசவில்லை. பிறந்த நாட்டுக்கு அவர்கள் கடல் தாண்டிப் போனவர்கள். போன நாட்டுக்கு அவர்கள் தோட்டக் கூலிகள். இன்னொரு சங்கடமும் உண்டு. ஜப்பானியரின் உதவியோடுதான் நேதாஜி 1943-ல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். சயாமுக்குப் போகாமல் தப்பிக்கவே அந்த ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே ஜப்பான். ஒரு பக்கம் விடுதலைப் படைக்குத் துணை, இன்னொரு பக்கம் மரண ரயில். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கதை சிக்கலாகிவிடுகிறது. பாடப்புத்தகங்களுக்குச் சிக்கலான கதை பிடிக்காது. ஆகவே ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

சினிமா மிச்சத்தைச் செய்தது. 1957-ல் டேவிட் லீன் எடுத்த படம் ஏழு ஆஸ்கார் வாங்கியது. அது பிரிட்டிஷ் கைதிகளின் கௌரவத்தைப் பற்றிய கற்பனைக் கதை. எடுத்தது தாய்லாந்தில்கூட இல்லை, இலங்கையின் கித்துல்கலவில்! படம் பார்த்தவர்கள் பாலத்தைத் தேடித் தாய்லாந்துக்கு வர ஆரம்பித்தார்கள். நிஜப் பாலம் இருந்ததோ மே குளோங் என்ற ஆற்றின் மேல். வருகிறவர்கள் குழம்பக் கூடாதென்று 1960-ல் அந்தப் பகுதி ஆற்றுக்கே குவாய் யாய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கதைக்காக ஆற்றின் பெயரே மாறுகிற ஊரில், கதையில் வராத கூலிகளைத் தேடி யார் போவார்கள்?

மூன்று ஆட்சேபங்கள்

போர் நடந்த இடங்களுக்குச் சுற்றுலா போவதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே மூன்று ஆட்சேபங்கள் வரும்.

ஒன்று: "சந்தோஷமாக இருக்கத்தானே டூர், அங்கேயும் போய் அழுதுகொண்டிருக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. வருடம் முழுக்க உழைத்து, சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் போகிறவர்களிடம் "துக்கம் அனுசரி" என்று யாரும் கட்டளையிட முடியாது. ஆனால் யாரும் அங்கே ஐந்து நாளும் அழச் சொல்லவில்லை. எப்படியும் அந்தப் பாலத்துக்குப் போகத்தான் போகிறார்கள். போகிற இடம் என்னவென்று தெரிந்து போவதால் சந்தோஷம் குறைந்துவிடாது. மிதக்கும் சந்தையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் கல்லறையும் மியூசியமும் பார்த்துவிடலாம்.

இரண்டு: "சாவை வைத்து வியாபாரம் பண்ணுகிறார்கள். அதற்கு நாமும் காசு கொடுப்பதா?" இதில் பாதி உண்மை. பாலத்தைச் சுற்றிக் கடைகள், பனியன்கள், சாவிக்கொத்துகள். வருடா வருடம் நவம்பர், டிசம்பர் வாக்கில் பாலத்தில் ஒலி ஒளிக் காட்சியும் நடக்கிறது. குண்டு விழுகிறது, வாணவேடிக்கை வெடிக்கிறது, கூட்டம் கை தட்டுகிறது. முகம் சுளிக்கலாம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கூட்டம் வருவதால்தான் நாம் தொக் வரைக்கும் அந்த ரயில் இன்னும் ஓடுகிறது. மற்ற பகுதிகள் காட்டுக்குள் மறைந்துவிட்டன, ஒரு பகுதி அணைக்கட்டு நீருக்குள் மூழ்கிவிட்டது. யாரும் வராத இடத்தைக் காடு தின்றுவிடுகிறது. வியாபாரமும் கொஞ்சம் கலந்துதான் நினைவு பிழைக்கிறது என்றால், வியாபாரத்தைச் சகித்துக்கொண்டு நினைவைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். வாடிக்கையாளர் கேட்பதைத்தான் கடைக்காரர் வாங்கி வைப்பார். "தமிழர்கள் இங்கே செத்தார்களாமே, அந்த இடம் எங்கே?" என்று பத்து குரூப் கேட்டால் பதினோராவது குரூப்புக்கு கைடே சொல்ல ஆரம்பிப்பார்.

மூன்று: "பழைய புண்ணைக் கிளறினால் பகை வளரும்." இது நடந்திருக்கிறது, உலகத்தில் பல மியூசியங்கள் பகை வளர்க்கவே இயங்குகின்றன. ஆனால் காஞ்சனபுரி இதற்கு நேர் எதிரான உதாரணத்தையும் தருகிறது. ஜப்பானிய ராணுவத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தகாஷி நகாசே, போருக்குப் பின் வாழ்நாள் முழுக்கப் பிராயச்சித்தம் தேடித் திரும்பத் திரும்ப அந்த ஊருக்கு வந்தார். தாம் உடனிருந்து பார்க்கச் சித்திரவதைக்கு ஆளான பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸை 1993-ல் அந்தப் பாலத்தருகே சந்தித்தார். அரை நூற்றாண்டு கழித்து மன்னிப்பு கேட்டார், லோமாக்ஸ் அதை ஏற்றார். இருவரும் நடந்ததை மறைக்கவில்லை, மறக்கவுமில்லை. மறைக்காததால்தான் மன்னிக்கவே முடிந்தது. எதற்காக என்று தெரியாமல் எப்படி மன்னிப்பது?

அங்கே தமிழ் இருக்கிறது

பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1944-ல் ஜப்பானிய ராணுவமே கட்டியது, பாதை போடுகையில் இறந்தவர்களின் ஆன்ம சாந்திக்காக. அதன் சுற்றில் பல மொழிகளில் கல்வெட்டுகள். அதில் ஒரு மொழி தமிழ். பாலத்தில் நூறு போட்டோ எடுக்கிறவர்களில் எத்தனை பேர் இங்கே வருகிறார்கள் என்பது வேறு கேள்வி. யோசித்தால் வயிறு என்னவோ செய்கிற விஷயம் இது. செத்தவர்களில் தமிழர்கள் இருந்தார்கள் என்று அந்த ஊரில் தமிழிலேயே எழுதி வைத்தது, அவர்களைச் சாகவைத்த அதே ராணுவம். காப்பாற்ற வந்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கூலிகளுக்கு இடமில்லை.

அந்த நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கூட்டுப் புதைகுழி வெளிப்பட்டு எலும்புகள் குவியலாக வந்தபோது பலருக்கு முதல் முறையாக உறைத்தது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் அரசாங்கங்களுக்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்" ஆகிய நாவல்கள் இந்தச் சாவுகளைத் தமிழில் பதிவு செய்தன. தப்பி வந்த முதியவர்களைத் தேடிப்பிடித்து வாய்மொழியாகக் கேட்டு எழுதியவர்களும் உண்டு. 2023-ல் காஞ்சனபுரியில் இறந்த தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது, தமிழ்நாடு அரசும் அதற்கு உதவியது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவது நம் ஊரின் மிகப் பழைய வழக்கம். எண்பது வருடம் தாமதம் என்றாலும் சரியான வடிவம்.

ஆனால் கல்லை நட்டால் மட்டும் போதாது, யாராவது போய்ப் பார்க்க வேண்டும். யாரும் போகாத நடுகல் வயல் வரப்பில் துணி துவைக்கிற கல்லாக மாறிய கதைகள் தமிழ்நாட்டிலேயே நிறைய.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வேனில் போவதற்குப் பதில் ரயிலில் போகலாம். பாங்காக்கின் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து மூன்றாம் வகுப்பு வண்டி, மரண ரயில் பாதையிலேயே நாம் தொக் வரை போகிறது. தாம் கிராசே என்ற இடத்தில் மலையை ஒட்டி மரத்தூண்களின் மேல் ரயில் ஊர்ந்து போகும்போது, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லோரும் வீடியோ எடுப்பார்கள். எடுக்கட்டும். அந்தத் தூண்களை யார் தோளில் சுமந்தார்கள் என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வரி சொன்னால் போதும்.

பாலத்தைப் பார்க்கும்போது அதன் வடிவத்தைக் கவனிக்கலாம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, ஜாவாவிலிருந்து ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு வந்தவை. நடுவே நேர்கோடாக இருக்கும் இரண்டு சட்டங்கள் புதியவை. 1945-ல் நேச நாடுகளின் விமானங்கள் குண்டு போட்டு உடைத்த இடத்தில், போருக்குப் பின் வைத்தவை. பாலமே ஒரு மியூசியம், படிக்கத் தெரிந்தால்.

பாலம் பார்த்து முடிந்ததும் கிளம்பிவிடாமல், ரயில்வே மையத்தை முதலில் பார்த்துவிட்டு, எதிரே உள்ள கல்லறைக்குள் போகலாம். வயதுகளைப் படியுங்கள். இருபத்து ஒன்று, இருபத்து மூன்று, இருபத்து நான்கு... காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிற வயது. அந்தப் பையன்கள் பிரிட்டிஷாராகவோ டச்சுக்காரராகவோ இருந்தால் என்ன? அவர்களுக்காக வருத்தப்படுவதும், நம்மவர்களின் பெயர் எங்கே என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த மரியாதை அதிகம் என்பதல்ல வழக்கு. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே வழக்கு.

கல்லறைக் கல்மேல் ஏறி உட்காராமல், சத்தம் போடாமல், "வி" காட்டிப் படம் எடுக்காமல் இருப்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செத்த வீட்டில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி. பிறகு வெளியே வந்து இளநீர் குடிக்கலாம், சிரிக்கலாம். அதுவும் செத்த வீட்டு வழக்கம்தானே!

பார்வையாளர் புத்தகம் வைத்திருக்கும் இடங்களில் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டு வரலாம். விளையாட்டில்லை. மியூசியம் நடத்துகிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். எந்த மொழியில் ஆட்கள் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த முறை எந்த மொழியில் விளக்கம் வைப்பது என்று முடிவு செய்வார்கள்.

மலேசியாவில் உறவு உள்ளவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தாய்லாந்து போகும் முன்னாலோ பின்னாலோ, அந்த வீட்டுப் பெரியவர்களிடம் "சயாமுக்கு நம் வீட்டில் யாராவது போனார்களா?" என்று கேட்டுப் பார்க்கலாம். போனவர்களை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனால் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெயர், ஒரு தோட்டம், ஒரு வருடம். எழுதி வைத்தால் அந்த "சுமார்" என்பதிலிருந்து ஒருவர் குறைவார்.